பாடந்தோறும் தரம் பிரித்தல்

தமிழை ஆற்றொழுக்காகப் படிக்கும் சிறுவன், பின்னக் கணக்கைக் கண்டால் மருளுவான். கணக்கில் முந்தி நிற்கும் சிறுமி, பத்து வரிக் கட்டுரைக்குத் தடுமாறுவாள். திறன்கள் அனைத்தும் ஒருவரிடத்தே ஒரே அளவில் வளர்வதில்லை என்பது ஆசிரியர் அறிந்ததே. அங்ஙனமிருக்க, எல்லா மதிப்பெண்களையும் கூட்டி, "இவன் கடைசி வகுப்புக்குரியவன்" என முத்திரையிடுவது எவ்வாறு பொருந்தும்?

சிங்கப்பூரின் பட்டறிவு இங்கு நோக்கத்தக்கது. 1979-இல் வெளிவந்த கோ கெங் சுவீ அறிக்கையை அடுத்து, மாணவர் தனித்தனிப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டனர். பள்ளியை இடையில் விட்டு நீங்குவோர் தொகையைக் குறைப்பதே அதன் நோக்கம். தொகை குறைந்தது, ஆனால், பிரிவின் பெயர் மாணவனின் மேல் ஒட்டிக்கொண்டது. ஆகவே 2008-இல் தொடக்கப்பள்ளிகளில் பாடவாரித் தரம்பிரிப்பு புகுத்தப்பட்டது. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்வோர்க்கு விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகளே இல்லை.

இம்முறை இயங்குமாறு காண்போம். உடற்கல்வி, இசை, ஓவியம் முதலியவற்றை அனைவரும் ஒரே வகுப்பில் கூடிப் பயில்வர். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி முதலியவற்றை மட்டும் ஜி1, ஜி2, ஜி3 என்னும் நிலைகளில் தத்தம் ஆற்றலுக்கேற்பக் கற்பர். ஜி3 யாவற்றினும் கடினமானது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மொத்தத்தில் பின்தங்கியவனும், தமிழில் ஐந்தாம் அடைவுநிலையோ அதனினும் சிறந்ததோ பெற்றிருப்பின், தமிழை ஜி3 நிலையில் பயிலலாம். கணக்கில் பெற்ற குறைவு அவன் தமிழைத் தடுக்காது.

மாணவர் சிலரே பயிலும் தோட்டப்பள்ளிகளில் தனி வகுப்புகள் அமைத்தல் இயலாது. எனினும், ஒரே அறையில் பாடவேளைக்கேற்பக் குழு அமைத்தல் இயலும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவனுக்கு நீள்வகுத்தல் விளங்காது. கணக்குப் பாடவேளையில் அவனைக் கழித்தலிலிருந்து தொடங்கச் செய்க. அடுத்த பாடவேளையில் அவனே தமிழில் முதற்குழுவில் அமரட்டும்.

மூன்று விதிகளை மறவற்க. மொத்த மதிப்பெண்ணைக் கொண்டன்றி, அந்தந்தப் பாடப்பகுதியில் சோதித்துக் குழு அமைத்தல் வேண்டும். திங்கள்தோறும் மறுசோதனை செய்து, தேறியவனை உடனே மேலேற்றல் வேண்டும். பின்தங்கிய குழுவுக்கே ஆசிரியரின் நேரம் மிகுதியாகக் கிடைத்தல் வேண்டும்.

இவை தவறின், பாடவாரிக் குழுவும் பழைய முத்திரையாகவே முடியும். ஆண்டின் தொடக்கத்தில் கீழ்க்குழுவில் இருந்தோர் ஆண்டிறுதியில் எங்கே இருக்கின்றனர்? ஆசிரியப் பெருமக்கள் தத்தம் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்களாக! ஒருவரேனும் இடம்பெயரவில்லையெனின், குறை மாணவரிடத்து இல்லை.