ரயில் நேரமும் இல்லற நேரமும்

பொழுது புலருமுன்பே திருத்தணி ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் பாதித் தூக்கம். சென்னைக்குப் புறநகர் மின்சார ரயிலைப் பிடிப்போர் ஒருபுறம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுவோர் மறுபுறம்.

நம் ஊரிலிருந்து சென்னை சுமார் 85 கி.மீ. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டாலும், 25 வேலை நாள்களில் 100 மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. அதாவது மாதத்தில் நான்கு முழு நாள்களுக்கும் மேல். அந்நேரம் பெரும்பாலும் உறக்கத்திலிருந்தும், கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் பொழுதிலிருந்தும் எடுக்கப்படுவதாகும்.

மருத்துவமனைக்கு இதில் என்ன அக்கறை?

"அவரே களைத்து வருகிறார், இதையும் சொல்ல வேண்டுமா" என்று எண்ணி, மார்பகக் கட்டியையோ மிகுதியான உதிரப்போக்கையோ சொல்லாமல் தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. விடுப்பு எடுத்தால் ஊதியம் குறையுமே என்று நெஞ்சு வலியை மறைக்கும் ஆண்களும் உண்டு. பேச நேரமில்லாத வீட்டில் நோய் தாமதமாகவே வெளிப்படுகிறது.

பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. அது தொடர்ந்து குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பாட்டை மீறக்கூடும். எரிச்சலும் எளிதில் மூளும். அன்பு குறைந்துவிட்டது என்று துணைவர் கருதுவது பல வேளைகளில் உறக்கக் குறைவின் விளைவே.

சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழக ஆய்வாளர் எரிகா சாண்டோ, 1995 முதல் 2005 வரையிலான தரவுகளை ஆராய்ந்தார். வேலைக்கு நெடும்பயணம் செய்வோரிடையே மணமுறிவுக்கான வாய்ப்பு ஏனையோரைவிடச் சுமார் 40 விழுக்காடு மிகுதி என்று கண்டார். முதற்சில ஆண்டுகளே மிகக் கடினமானவை; அவற்றைக் கடந்த இணையரிடம் அவ்வாய்ப்பு குறைந்திருந்தது. நம் குடும்ப அமைப்பு வேறு. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் கூடுதல் கவனம் தேவை என்னும் பாடம் நமக்கும் பொருந்தும்.

செய்யக்கூடியவை

1. வீடு திரும்பிய முதல் அரை மணி நேரத்தில் கடன், பள்ளிக் கட்டணம், குறைகள் ஆகியவற்றைப் பேச வேண்டாம். முகம் கழுவி, உணவு உண்டபின் பேசலாம்.

2. நாள்தோறும் பதினைந்து நிமிடமேனும் கைப்பேசியை ஒதுக்கிவைத்துப் பேசுங்கள். வீட்டில் இருப்பவர் குழந்தைகளையும் முதியோரையும் தனியே கவனித்திருப்பார், அதுவும் உழைப்பே. விடுமுறை நாளில் அவருக்கும் ஓய்வு வேண்டும்.

3. வாரம் ஒருமுறை இருவரின் உடல்நலத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான பரிசோதனை முடிவுகளை அறிய இருவரும் சேர்ந்து வாருங்கள். இயலாவிடில், நோயாளியின் சம்மதத்துடன், மருத்துவர் விளக்கும்போது துணைவரைக் கைப்பேசியில் இணைக்கக் கேளுங்கள்.

4. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்போர் ரயில் தாமதத்தை மனத்திற்கொண்டு உணவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

நெஞ்சு வலி தோன்றினால் விடுமுறை நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு, உறக்கமின்மை, பெருகும் குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கு மருத்துவரை அணுகுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் அரசின் இலவச எண்ணும், வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181 என்னும் எண்ணும் உள்ளன.

முருகன் சினம் தணிந்த தலமாதலால் தணிகை என்று பெயர்பெற்ற ஊர் இது. பயணத் தொலைவைக் குறைப்பது நம் கையில் இல்லை. ஆனால் களைப்பில் பிறந்த சினத்தைத் தணித்து, "இன்று உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஒருவரையொருவர் கேட்பது நம் கையில்தான் இருக்கிறது.