கேள்வி தமிழில், பேரம் இந்தியில்

புசா ரோடு மாணவர்களின் கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கு விடைகள் உண்டு. வீட்டு மொழியில்தான் அவை அரிது.

புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1934 பூகம்பத்தில் அங்கிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் சேதமடைந்தது. 1936-ல் தில்லிக்குக் குடிபெயர்ந்த அந்த நிலையம் ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. இன்று புசா ரோட்டில் நடமாடும் இளைஞர்களிலும் பலர் இப்படி வேறு ஊர்ப் பெயரைச் சுமப்பவர்கள்தான். தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இந்தச் சாலையில் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். கனவோடு தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் பழைய ராஜேந்தர் நகரின் சிறு அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். இரு தரப்புக்கும் நடந்து போகும் தூரத்தில் கரோல்பாகின் கஃபார் மார்க்கெட். செல்போன், சார்ஜர், பென் டிரைவ், பழுது பார்ப்பு என எதற்கும் அங்கே ஆள் உண்டு.

ஆக, கேள்வி தமிழில் பிறக்கிறது. பேரம் இந்தியில் நடக்கிறது. பெட்டியில் அச்சடித்த விவரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் பணம் கைமாறுகிறது.

அடிக்கடி எழும் சந்தேகத்திலிருந்தே தொடங்கலாம். 1 டி.பி. என்று வாங்கிய ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினால் 931 ஜி.பி. என்று காட்டுகிறது. மீதி எங்கே? கடைக்காரர் விழுங்கவில்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு டெரா என்பது ஒரு லட்சம் கோடி பைட். கிலோ என்றால் அவருக்கு 1,000. விண்டோஸுக்கோ 1,024. லட்சம் கோடியை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். ஆப்பிளின் மேக் 2009-லேயே 1,000 கணக்குக்கு மாறிவிட்டதால் அதே டிஸ்க் அங்கே முழு 1 டி.பி.யாகத் தெரியும். குழப்பத்தைத் தீர்க்க 1998-ல் 1,024 கணக்குக்கென்று தனிப் பெயர்கள் வைத்தார்கள். ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பெயர், நூறு கோடிச் சொச்சத்துக்கு ஒரு பெயர். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கிபி’தான்! மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

இது நேர்மையான வித்தியாசம். இதே பேச்சில் ஒளிந்துகொண்டு விற்பனையாவது இன்னொரு ரகம். சில நூறு ரூபாய்க்கு 1 டி.பி. பென் டிரைவ். கஃபார் மார்க்கெட்டுக்கு மட்டுமே உரிய சரக்கு அல்ல இது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து இணையக் கடைகள் வரை எங்கும் எதிர்ப்படலாம். பென் டிரைவுக்குள் தகவலைச் சேமிக்க ஒரு சில்லு, “என்னிடம் இவ்வளவு இடம் உண்டு” என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஒரு சில்லு. இரண்டாவதைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டால் 32 ஜி.பி. டிரைவ் தன்னை 1 டி.பி. என்று அறிமுகம் செய்துகொள்ளும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். முதல் 32 ஜி.பி. வரை எல்லாம் ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் ஏறுவது பழையதன் மீதே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும். திறந்தால் திறக்காது.

ஓராண்டுப் பாடக் குறிப்புகளை இப்படிப்பட்ட டிரைவில் போட்டுவிட்டு லேப்டாப்பில் அழித்துவிட்டால், தேர்வுக்கு முந்தைய வாரம்தான் விஷயம் தெரியவரும். அப்போது எந்தக் கடைக்காரரிடம் எந்த மொழியில் சண்டை போட்டும் பயனில்லை. வாங்கிய அன்றே சோதிப்பதுதான் வழி. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் டிரைவ் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். சில மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பேட்டரி பற்றிய கேள்விகளுக்கு அண்ணன்மார்கள் தரும் பதில் பெரும்பாலும் பழைய கதை. “முழுக்கக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்” என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான யோசனை. இன்றைய செல்போனில் இருப்பது லித்தியம் அயனி. சோனி நிறுவனம் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் உழைத்த மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அடிக்கடி அடிமட்டம் வரை காலியாவதும் அதற்குக் கெடுதல். உஷ்ணம் அதைவிடக் கெடுதல். மே மாதத் தில்லியில், ஜன்னல் ஓரத்து வெயிலில் போனை வைத்துச் சார்ஜ் போடுவதைத் தவிர்த்தாலே போதும்.

பழைய போன் வாங்குவோரின் கவலை வேறு. திருட்டுப் போனாக இருந்தால்? *#06# என்று தட்டினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடம் விட்டு எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் பதில் வரும். தடை செய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம். காசைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விளக்கம் தேடுவது சுலபம். தமிழில் எந்தப் போன் வாங்கலாம் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஏன் என்று சொல்பவை குறைவு. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகர் கேள்விகளோடு மல்லுக்கட்டிய சுஜாதா 2008-ல் மறைந்தார். அந்த நாற்காலி இன்னும் காலிதான்.

தமிழில் மட்டுமே எழக்கூடிய ஒரு கேள்வியும் உண்டு. தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவருக்குச் சீனியர் ஒருவர் தன் குறிப்புகளை அனுப்புகிறார். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். வைரஸா? இல்லை, சரித்திரம். 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனி ஏற்பாட்டில் இயங்கியது. ‘பாமினி’யில் ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி உள்ள கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் எம், கே. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் அறிவித்தது. யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 அதை மேசைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதோ 2010-ல். அதற்குள் எத்தனை ஆய்வேடுகள், எத்தனை அலுவலகக் கோப்புகள் பழைய எழுத்துருக்களில் உறைந்துவிட்டன!

யூனிகோடிலும் ஒரு சிக்கல். ‘தமிழ்’ என்பது இலக்கணப்படி 3 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 5 குறியீடு, கொக்கியும் புள்ளியும் தனி. 200 எழுத்துக்குள் எழுதுக என்று கேட்கும் இணையப் படிவத்தில் தமிழ் மாணவருக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுவது இதனால்தான். ஒரு எஸ்.எம்.எஸ்.சில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70.

பழைய கோப்பை மீட்க எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் நொடியில் வேலை முடியும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துவிட வேண்டும். குறிப்புகளுக்கு நடுவே அசல் ஆங்கிலச் சொல் ஏதாவது இருந்தால் மாற்றி அதையும் விடாது, வாயில் நுழையாத தமிழாக்கி வைத்திருக்கும்.