பிரதி, எழுத்துரு, இயங்குதளம்: பழைய விண்டோஸ் சிடிகள் குறித்துச் சில குறிப்புகள்

பிரதி மூடுண்ட ஒன்றல்ல, எப்போதும் திறந்தே இருக்கிறது என்று தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் சலிக்காமல் எழுதின. அப்படி எழுதப்பட்ட பக்கங்களில் கணிசமானவை இன்று எந்தக் கணினியிலும் திறக்க மறுக்கும் கோப்புகளாகக் கிடக்கின்றன. விண்டோஸ் 95இலோ 98இலோ, பேஜ்மேக்கரில், ஏதோவொரு கம்பெனியின் எழுத்துருவில் கோக்கப்பட்டவை அவை. நாம் வாசித்த பிரதிக்கு அடியில் இன்னொரு பிரதி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் இயங்குதளம். அதை மறுபடி நிறுவுவதற்கான சிடியை (கடைக்காரர் பேச்சில் 'ஓஎஸ் சிடி') தேடிப் பிடிப்பதும் காப்பாற்றி வைப்பதும் எழுதுகிறவர்களின், இயக்கக்காரர்களின் வேலை என்று கருதுகிறேன்.

என் கையிலிருக்கும் கோப்பைக் கொண்டே பேசலாம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணி மீது போலீஸ் தடியடி நடத்தியது. கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் தொழிலாளர் குடும்பங்களிடம் பேசி, எழுதி, ஒரு சிறப்பிதழாகக் கோத்தோம். அச்சுக்குக் காசில்லை, இதழ் வரவில்லை. (சிற்றிதழ் வரலாற்றில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.) கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. கையெழுத்துப் படி டிடிபி சென்டரிலிருந்து திரும்பி வரவேயில்லை. மிஞ்சியது, ஃபிளாப்பிகளிலிருந்து பிற்பாடு சிடிக்கு மாற்றப்பட்ட பேஜ்மேக்கர் கோப்புகள் மட்டும். பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. 2024இல் தோட்டத்தில் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, மலையில் மிச்சமிருந்தவர்களும் இறங்கத் தொடங்கினார்கள். மறுபடி போய்க் கேட்டுக்கிடலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கோப்பை இன்றைய விண்டோஸ் 11 கணினியில் போட்டால் அதற்கு இன்னதென்று தெரியாது. லிப்ரே ஆபிஸ் ஓரளவு திறக்கும். ஆனால் பத்திகள் இடம் மாறும், எழுத்து ஆங்கிலக் குப்பையாகக் கொட்டும். பாமினி வகை எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவையே அன்றைய எழுத்துருக்கள். எந்த இடத்தில் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அரசு முன்வைத்தது. இணையத் தமிழர்களிடம் டிஸ்கி புழங்கியது. யூனிகோடைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்துத் தமிழ் இந்தச் சந்துகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எழுத்துரு மாற்றிகள் நிறைய வந்துவிட்டனவே என்பீர்கள். உண்மைதான், ஆனால் மாற்றியிடம் கொடுக்க முதலில் வார்த்தை கோப்பிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். அது எந்த எழுத்துரு என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அச்சோடு ஒப்பிட்டால் விஷயம் துலங்கும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 1586இல் அண்ட்ரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சானது. அந்த வார்ப்பெழுத்துகள் என்னவாகியிருந்தால் என்ன, அச்சேறிய தாளைக் கண்ணிருப்பவன் வாசிக்கலாம். வாசிப்பவனுக்கு அச்சுக்கூடம் தேவையில்லை. கணினிக் கோப்பிலோ வார்த்தை எழுத்துருவை விட்டுப் பிரிவதேயில்லை. எழுத்துரு மென்பொருளோடும், மென்பொருள் இயங்குதளத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் அச்சுக்கூடம் மொத்தத்தையும் எழுப்பி நிறுத்தியாக வேண்டும். உற்பத்திக் கருவி யார் கையில் என்ற பழைய கேள்வி இவ்வாறு வாசகனின் கேள்வியாகிவிடுகிறது.

கருவி கம்பெனிகளின் கையில். விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலையிலும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், 10க்கு 2025 அக்டோபரிலும் முடிந்தது. ஆதரவு முடிவது ஒன்று, கிடைக்காமல் போவது இன்னொன்று. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் 'ஷா-1' என்ற பழைய கையொப்ப முறையில் இருந்த கோப்புகளைத் தன் தரவிறக்கப் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. பழைய பதிப்புகளுக்கான திருத்தப் பொதிகள் பலவும் அதோடு போயின. பாதுகாப்பைக் காரணம் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் யாருடைய பாதுகாப்புக்காக யாருடைய கடந்தகாலம் கழிக்கப்படுகிறது என்று கேட்க இடமிருக்கிறது. 2001இல் வந்த எக்ஸ்பியோடு 'ஆக்டிவேஷன்' வந்து சேர்ந்தது: சிடியும் சாவி எண்ணும் நம் கையில் இருந்தாலும் கம்பெனி தலையாட்டினால்தான் தொடர்ந்து ஓடும். 98க்கு 25 எழுத்துச் சாவி மட்டும் போதும். அதனால்தான் அந்த சிடிக்கு இத்தனை மவுசு. பேஜ்மேக்கர் கதையும் இதேதான். 1985இல் அல்டஸ் கம்பெனி கொண்டுவந்தது, 1994இல் அடோபி கைக்குப் போய், 2001இன் ஏழாம் பதிப்போடு நின்றது. அடோபியின் இன்டிசைனே சிஎஸ்6 வரைதான் அந்தக் கோப்புகளைத் திறந்தது. டெபியன் லினக்ஸ் தன் தொண்ணூறுகளின் வெளியீடுகளை இன்றும் கிடங்கில் வைத்திருக்கிறது, எவரும் படியெடுக்கலாம். நம்மூர் டிடிபி சென்டர்கள் அதில் ஓடவில்லை என்பதுதான் துரதிர்ஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் கணினி நிரல் ஓர் 'இலக்கியப் படைப்பு'. விண்டோஸ் 98உம் நம் கவிதைத் தொகுப்பும் ஒரே அலமாரியில் இருக்கின்றன! நிரலின் ஒரு படியை முறையாக வைத்திருப்பவர், இழப்பு, அழிவு, சேதத்துக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப்படி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 52. அதே பிரிவில் 2012 திருத்தம், லாப நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்பின் பொருட்டு ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது; ஆனால் அதன் மின்வடிவல்லாத படி நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகத்துக்கு இது சரி. மென்பொருளுக்கு மின்வடிவல்லாத படி எங்கே இருக்கிறது? ஆக, அசல் சிடி வைத்திருக்கும் தனி ஆளுக்குச் சட்டத்தில் கொஞ்சம் இடமிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பிம்பத்தை எடுத்து வைக்கும் நூலகம் விளிம்பில் நிற்கிறது. போதாக்குறைக்கு, இணையத்தில் கிடைப்பதில் எவன் கைவைத்தான் என்பதும் தெரியாது. எனவே அசல் சிடிகளைத் தேடுவதே மேல்.

எனக்கு ஒன்று வெள்ளத்தில் கிடைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பின் கடை வாசல்களில் சேறோடு குவிந்தவற்றில் சிடிகளும் இருந்தன. பழக்கமான சர்வீஸ் கடைக்காரர், "சவத்தத் தூரப் போடும் வே, இத வச்சு என்ன செய்யப் போறீரு?" என்றார். "இருக்கட்டும் அண்ணாச்சி, கழுவி எடுத்துக்கிடுதேன்" என்று உரிமப் புத்தகத்தோடு ஒரு விண்டோஸ் 98 சிடியை வாங்கி வந்தேன். உ.வே.சா. ஏடு தேடித் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி வீடுகளில் அலைந்ததும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் ஓமத்தீயில் போய்விட்டதைக் கேட்டு நொந்ததும் நமக்குத் தெரிந்தவை. தூரப் போடுகிற மனசுக்கு இங்கே நீண்ட பாரம்பரியம் உண்டு. பெயர்த்தெழுதுகிற மனசுக்கும் உண்டு.

கம்பெனி அச்சடித்த சிடி தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் சாகாது. நல்ல தண்ணீரில் அலசி, மெத்துத் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நாமே எழுதிய சிடிகளின் நிலை மோசம், அவற்றின் சாய அடுக்கு வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுவிடும். எனவே காய்ந்தவுடன் முதல் வேலை, சிடி முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒற்றைப் பிம்பக் கோப்பாக எடுப்பது. அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணித்து நோட்டில் எழுதுங்கள். பிற்பாடு ஒரு பிட் கெட்டாலும் காட்டிக்கொடுக்கும். சாவி எண் சிடி உறையிலோ புத்தகத்திலோ கேபினெட்டின் ஸ்டிக்கரிலோ இருக்கும். அது மங்குவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். சில விண்டோஸ் 98 சிடிகள் தாமாகப் புறப்படா, பூட் ஃபிளாப்பியின் பிம்பமும் கூடவே வேண்டும். பேஜ்மேக்கர் நிறுவி, எழுத்துருக் கோப்புகள், பிரிண்டர் டிரைவர் எல்லாம் அதே மூட்டையில் சேர வேண்டும். விசைப்பலகை மென்பொருளுக்கு 'ஹார்டு லாக்' கட்டை கேட்பார்களே என்று பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் அடிப்பதற்குத்தான். வாசிக்க எழுத்துருக் கோப்பு போதும். படிகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்றாவது மாடியில் இருக்கட்டும்.

பழைய இயந்திரம் தேவையில்லை. இன்றைய கணினிக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் பொய்யான கணினி ஒன்றை உருவாக்கி அதில் 98ஐ நிறுவலாம். நினைவகத்தை 512 எம்பிக்கு மேல் கொடுத்தால் தகராறு செய்யும். தகுந்த டிரைவர் போடாவிட்டால் திரையில் 16 வண்ணம்தான் வரும். தமிழ் வாசிக்க அது தாராளம். கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓவாக்கி சிடிபோல் உள்ளே செருகலாம். 64 பிட் விண்டோஸ் தொட மறுக்கும் 16 பிட் நிறுவிகளும் இதற்குள் ஓடும். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளம் என்பதால் இணைய இணைப்பு மட்டும் கூடாது. கோப்பு திறந்ததும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் ஒன்றை நிறுவி, எழுத்துருவையும் உள்ளடக்கிக் கோப்பாக அச்சிட்டு, வெளியே கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் பிடிஎஃப் ஆக்கினால், பக்கம் அன்று கோத்தபடியே நிற்கும். வார்த்தைகளைத் தனியே நகலெடுத்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பழைய எழுத்துருவிலிருந்து டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் இப்படித்தான் இடம் மாற்றிக்கொண்டே வந்தது.

எங்கள் சிறப்பிதழில் 64 பக்கம். 60 பக்கம் திறந்து, வாசித்து, பேசியவர்களின் பிள்ளைகளிடம் அச்செடுத்துக் கொடுத்தாயிற்று. மிச்சம் நாலு பக்கம் வேறொரு எழுத்துருவில் இருக்கிறது. ஆற்றிலிருந்து கரையேறிய ஒரு பெண் சொன்னது அந்தப் பக்கங்களில்தான். தொண்ணூறுகளின் டிடிபி ஃபிளாப்பிகள், எழுத்துரு சிடிகள் வைத்திருப்பவர்கள், எவ்வளவு பழையதானாலும், இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.