வெற்றிலை காய்கறியா? சட்டத்தில் ஒரு சொல்லின் விலை

வெற்றிலை காய்கறியா? டீக்கடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனா இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி. மத்திய மாகாணங்கள் - பேரார் விற்பனை வரிச் சட்டம், 1947, ‘வெஜிடபிள்’ விற்பனைக்கு வரிவிலக்கு கொடுத்திருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘தாவரம் சார்ந்தது’ என்ற விரிந்த பொருளும் உண்டு. அப்படின்னா வெற்றிலைக்கும் வரி கிடையாதே என்றார் வியாபாரி.

1961-இல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சொன்ன காரணம் எளிமையானது. அன்றாடம் புழங்குகிற சொல்லுக்கு, அதைப் புழங்குகிற மக்கள் என்ன பொருள் கொள்கிறார்களோ அதைத்தான் எடுக்க வேண்டும். காய்கறி வாங்கிட்டு வான்னு அனுப்பினால் யாரும் வெற்றிலையோடு திரும்ப மாட்டார்கள். இன்னொரு தடயமும் இருந்தது. வரிவிலக்குப் பட்டியலில் முதலில் காய்கறியும் வெற்றிலையும் தனித்தனியாக இருந்தன; பிறகு ஒரு திருத்தத்தில் வெற்றிலையை மட்டும் நீக்கிவிட்டார்கள். சட்டமன்றம் வாசல் வழியாக அனுப்பியதை நீதிமன்றம் ஜன்னல் வழியாக உள்ளே விட முடியாது, இல்லையா?

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ விவாதித்து, வாக்கெடுத்து, குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் ஒப்புதல் பெற்று வருகிற எழுத்துச் சட்டம்தான் நாம் ‘ஆக்ட்’ என்று சொல்வது. எழுதுவது அவர்கள் வேலை. படித்துப் பொருள் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால் படிப்பது எங்கே முடிகிறது, எழுதுவது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் உண்மையான சண்டையே. அதைப் பார்க்க நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: கல்யாணம்.

தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாமல், அக்னி வளர்க்காமல் சுயமரியாதைத் திருமணங்கள் பல ஆண்டுகளாக நடந்து வந்தன. அப்படி ஒரு திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே தீர்ப்பில் இப்படி மணந்துகொண்ட எத்தனையோ பெண்களுக்கு மனைவி என்ற சட்ட நிலையே சந்தேகத்துக்கு உள்ளானது. பிள்ளைகளின் வாரிசுரிமையும் அப்படித்தான்.

1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளோடு திருமணம் ‘நடத்தப்பட’ வேண்டும் என்கிறது அதன் 7-ஆம் பிரிவு. ஆங்கிலத்தில் ‘சாலம்னைஸ்’ என்ற சொல். இந்த ஒற்றைச் சொல் என்ன செய்தது என்று பாருங்கள்.

மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணை மணந்த ஒருவர் மீதான மகாராஷ்டிர வழக்கு 1965-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ‘நடத்தப்பட்ட’ என்றால் உரிய சடங்குகளோடு, உரிய முறையில் நடந்தது என்று பொருள் என்றது நீதிமன்றம். அக்னி முன் வேண்டுதலும் ஏழு அடி எடுத்து வைப்பதும் அந்தக் கல்யாணத்தில் நடக்கவில்லை. எனவே சட்டத்தின் கண்ணில் இரண்டாவது திருமணமே நடக்கவில்லை; நடக்காத திருமணத்துக்கு இருதார மணக் குற்றமும் இல்லை. ஆள் விடுதலை. சடங்கில் கொஞ்சம் குறை வைத்தால் தப்பிக்கலாம் என்ற வழி திறந்துவிட்டது!

நீதிபதிகளுக்கு இரக்கம் இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டத்தைக் குறுக்கமாகத்தான் படிக்க வேண்டும் என்பது பழைய, நல்ல விதி. எது குற்றம் என்று முன்கூட்டியே எழுதி வைக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது. அந்த விதி இல்லாவிட்டால் நாளைக்கு நீங்களும் நானும்தான் மாட்டுவோம். ஆனாலும் இந்த வழக்கில் அதற்கான விலையைக் கொடுத்தவர் முதல் மனைவி.

இங்கே சட்டமன்றம் வருகிறது. திருமணம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு ஒரு மாநிலம் மத்தியச் சட்டத்தைத் தனக்கு மட்டும் திருத்திக்கொள்ளலாம். அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் அதைச் செய்தது. புதிதாக வந்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது செல்லுபடியாகும் திருமணம். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது பாதுகாப்பு கொடுத்தது.

இந்தத் திருத்தத்தின் முழு வீச்சும் 2001-இல் தெரிந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் முதல் மனைவி இருக்கும்போதே இன்னொருவருக்குத் தாலி கட்டினார். ஏழு அடி எடுத்து வைக்கவில்லை என்பதால் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 7ஏ-வைக் காட்டியது: தாலி கட்டியாயிற்று, மாலை மாற்றியாயிற்று, திருமணம் நடந்துவிட்டது, எனவே குற்றமும் நடந்துவிட்டது. சடங்கிலிருந்து விடுதலை தர எழுதிய பிரிவு, சடங்கைக் காட்டித் தப்பிக்க நினைத்தவரைப் பிடித்துக் கொடுத்தது.

அடுத்த சொல் ‘மணமகள்’. அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. 2018-இல் தூத்துக்குடியில் கோயிலில் மணந்துகொண்ட ஓர் இணையரின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். காரணம், மணமகள் திருநங்கை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அந்தச் சொல்லுக்கு உறைந்துபோன பொருள் கிடையாது, இன்றைய சட்ட நிலையின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். தன் பாலினத்தைத் தானே அடையாளப்படுத்தும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இலேயே ஏற்றிருந்தது. அவர் பெண் என்றால் மணமகளும் அவர்தான். பதிவு செய்யும்படி உத்தரவு போனது.

அப்படியென்றால் எந்தச் சொல்லையும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாமா? முடியாது என்று 2023 அக்டோபரில் தெரிந்தது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் 4-ஆம் பிரிவு ‘இரு நபர்கள்’ என்றுதான் தொடங்குகிறது. தன்பாலினத்தவரும் இரு நபர்கள்தானே என்பது வாதம். ஆனால் அதே பிரிவு, கொஞ்சம் கீழே, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்கிறது. அதை மாற்றிப் படித்தால் வாரிசுரிமை, தத்தெடுப்பு என்று எத்தனையோ சட்டங்களைத் தொட வேண்டியிருக்கும். அது படிப்பதல்ல, எழுதுவது என்று ஐந்து நீதிபதிகளும் விலகிக்கொண்டார்கள். அதே தீர்ப்பில், ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர்கள் இப்போதுள்ள சட்டங்களின் கீழேயே மணக்கலாம் என்பதை ஏற்றார்கள். ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் இன்னொரு பெண்ணுக்கு இடம் இருந்தது. ‘ஆண்... பெண்...’ என்ற வாக்கியத்துக்குள் இரண்டு ஆண்களுக்கு இடம் இல்லை என்று நீதிமன்றம் கருதியது.

இந்த முடிவு எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பது புரிகிறது. 1953-இல் நீதிமன்றம் மூடிய கதவை 1967-இல் திறந்தது சட்டமன்றம். நடுவில் 14 ஆண்டுகள், அந்த ஆண்டுகளில் வாழ்ந்த மனிதர்கள். நீதிமன்றம் ‘இது எங்கள் வேலையல்ல’ என்று சொல்லும்போதெல்லாம் காத்திருப்பின் செலவு யார் தலையிலோ விழுகிறது.

அடுத்த முறை ‘சட்டம் இப்படித்தான் சொல்லுது’ என்று யாராவது அடித்துச் சொன்னால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறதா? நம் மாநிலத்துக்கு என்று தனித் திருத்தம் உண்டா? நீதிமன்றம் அதை எப்போது, எந்த வழக்கில் படித்தது? இதில் எந்தக் கேள்விக்கான பதிலும் உங்கள் கேஸை அப்படியே திருப்பிப் போட்டுவிடலாம்.