ட்யூப் ஆம்ப் 'உம்ம்'னு இரையுதா?

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3. மூணே ட்யூப். பழுது பார்க்கப் பழக நல்ல சர்க்யூட்.

லேசான இரைச்சல் இதுல இயல்புதான். அதிகமா இரைஞ்சா, முதல்ல வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. நின்னுடுச்சா? கோளாறு வால்யூமுக்கு முன்னாடி இருக்கு: கிட்டார், கேபிள், இல்லைன்னா 12ஏஎக்ஸ்7-ஓட முதல் பாதி. நிக்கலையா? பவர் சப்ளை பக்கம் போங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இந்த ரெக்டிஃபையரைத் தாண்டினா அது 100 ஹெர்ட்ஸ் ஆகிடும். அந்த 100 கேட்டா, பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டிருக்கும். 50 கேட்டா, ஹீட்டர் வயரிங், கிரவுண்ட் ரெண்டையும் பாருங்க.

இங்கதான் கவனம். அந்தக் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. உயிருக்கே ஆபத்து. ரெசிஸ்டர் வெச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல வோல்டேஜ் இறங்கிடுச்சான்னு பார்த்த பிறகுதான் கை வைக்கணும். பழக்கமில்லைன்னா டெக்னீஷியன்கிட்ட குடுத்துடுங்க.

சாஸியைத் திறக்காமலே ஒரு மாற்றம் செய்யலாம். ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7-க்குப் பதிலா 12ஏஒய்7 மாட்டுங்க. அதே சாக்கெட்தான். பெருக்கும் திறன் 100-லிருந்து சுமார் 44-க்கு இறங்கும். டிஸ்டார்ஷன் தாமதமா வரும், க்ளீன் டோனுக்கு இடம் கூடும்.