கண்ணில் படாத புகை

நங்கநல்லூர்க்காரர்களுக்குத் தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடை பிறந்துவிட்டால் விடிந்தும் விடியாத நேரத்திலேயே மூவரசம்பட்டு, கீழ்க்கட்டளைப் பக்கமிருந்து லாரிகள் வரத் தொடங்கிவிடும். அடுக்குமாடி வீட்டின் முன் நிறுத்தி, குழாயை இழுத்துத் தொட்டியில் விடுவார்கள். தண்ணீரை மேலே ஏற்ற வேண்டுமானால் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். நீங்களும் பள்ளிக்கூடப் பையுடன் அதை ஒட்டித்தான் நடந்து போயிருப்பீர்கள். அப்போது அதிலிருந்து கரும்புகை வருகிறதா என்று பார்த்ததுண்டா? பழைய லாரி என்றால் வரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய லாரி என்றால் அநேகமாக ஒன்றும் தெரியாது.

இந்த இரண்டாவது வகை லாரிகளுக்கும் இப்போது வயதாகத் தொடங்கிவிட்டது. அவற்றுள் ஒன்றின் உரிமையாளரை நம் கதாநாயகனாக வைத்துக்கொள்வோம். வண்டியின் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இழுவை குறைந்துவிட்டது, பாரத்தோடு மேம்பாலம் ஏறத் திணறுகிறது. பட்டறையில் பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்கிறார்: “புகை செட் அடைச்சிருக்குண்ணே. சரி பண்ணினா பெரிய செலவு. பேசாம பைபாஸ் பண்ணிடலாம். வண்டி சும்மா பறக்கும்.”

சரி செய்வதா, கழற்றி எறிவதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் அந்தப் ‘புகை செட்’ என்னதான் செய்கிறது என்று தெரிய வேண்டாமா?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது என்று படித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டிலேயே டீசல் தீப்பிடிக்கும். தீயின் உள்ளே வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசையும் தாண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது சாது, யாரோடும் சேராது. ஆனால் இந்தக் கொடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிவிடுகிறது. அதே தீயில், ஆக்சிஜன் போதாத இடங்களில் டீசல் முழுதாக எரியாமல் கரித்தூளாகிறது.

இங்கேதான் பொறியாளர்களுக்குத் தலைவலி. தீயைச் சூடாக்கினால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். குளிரவைத்தால் இது குறைந்து அது கூடும். ஆகவே இரண்டையும் எஞ்சினுக்குள்ளேயே ஒழிப்பது அரிது. வெளியே வரும் வழியில்தான் பிடிக்க வேண்டும்.

அவ்வாறு பிடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் படிப்படியாக வந்தது. பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகை விதிகளின் 4ஆம் கட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. அடுத்து 5 வர வேண்டும் அல்லவா? அதைத் தாண்டி 2020 ஏப்ரல் 1 அன்று நேரே 6ஆம் கட்டத்துக்குத் தாவினார்கள். வகுப்பில் ‘டபிள் புரமோஷன்’ வாங்குவது போலத்தான். பெரிய டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு 3ஆம் கட்டத்தில் 5 கிராம். 4ஆம் கட்டத்தில் 3.5 கிராம், 6ஆம் கட்டத்தில் 0.4 கிராம்தான். டீசலும் மாறியது. கந்தகம் இருந்தால் புகை செட் கெட்டுவிடும் என்பதால், டீசலில் அதன் அளவைப் பத்து லட்சத்தில் 350 பங்கிலிருந்து 50க்கும், பிறகு 10க்கும் குறைத்தார்கள்.

சைலன்சருக்குள் ஒரு தொழிற்சாலை

சைலன்சர் என்று நாம் நினைக்கும் அந்தப் பெரிய பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறு ரசாயனத் தொழிற்சாலை. முதலில் பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய ஓர் அறை. அது வினையூக்கி, எரியாமல் வந்ததை எரித்து முடிக்கும். அடுத்தது வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி அது. அதில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள்; ஒரு குழல் முன்னால் திறந்து பின்னால் அடைபட்டிருக்கும், பக்கத்துக் குழல் அதற்கு நேர்மாறாக இருக்கும். எனவே புகை, துளைகள் நிறைந்த சுவரை ஊடுருவித்தான் போயாக வேண்டும். கரித்தூள் சுவரிலேயே நின்றுவிடும். நிறையச் சேர்ந்ததும் லாரியின் கணிப்பொறி வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றி அதைச் சாம்பலாக்கிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டீசல் தொட்டிக்கு அருகே ஒரு சிறிய தொட்டியில் யூரியாக் கரைசல் இருக்கும். ‘ஆட்புளூ’ என்றும் ‘டெஃப்’ என்றும் சொல்வார்கள். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மிச்சம் மிகத் தூய நீர். இதைச் சூடான புகையில் தெளித்தால் யூரியா உடைந்து அம்மோனியா பிறக்கிறது. அம்மோனியா வேறொரு வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடைச் சந்திக்கிறது. விளைவு? வெறும் நைட்ரஜனும் நீராவியும். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்! நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் கரைசல் போதும்.

இவ்வளவு அழகான ஏற்பாடு ஏன் நம் கதாநாயகனின் லாரியில் அடைத்துக்கொண்டது? அந்த லாரி செய்யும் வேலையே முக்கியக் காரணம். சென்னையிலிருந்து மதுரைக்குப் பாரம் ஏற்றிப் போகும் லாரியின் புகைக்குழாய் மணிக்கணக்கில் 300 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். தெருத்தெருவாகச் சுற்றும் தண்ணீர் லாரிக்கு அந்தப் பாக்கியம் ஏது? நாலு கிலோமீட்டர் ஓட்டம், அரை மணி நிறுத்தம், மறுபடி வெறும் வண்டியாகத் திரும்புதல். பல நேரம் புகை 200 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சூட்டில் யூரியா சரியாக உடையாமல் வெள்ளைக் கட்டியாகக் குழாயில் படியும். கரித்தூளும் எரியாது, எரிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து டிரைவர் எஞ்சினை அணைத்துவிடுவார்.

மற்றொரு காரணம் சிக்கனம். ஆட்புளூ வாங்குவானேன் என்று உரமூட்டை யூரியாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. 2015 முதல் நம் நாட்டில் உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். பயிருக்கு நல்லது; வினையூக்கிக்கு விஷம். கரைக்கும் தண்ணீரோ, பின்னால் தொட்டியில் இருக்கும் அதே ஆழ்குழாய்த் தண்ணீர். இதன் விளைவை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் கரண்டிகளில் ஒன்றில் ஆழ்குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீர் எடுத்து, பெரியவர்கள் துணையுடன் சிறு தீயில் வற்றவிடுங்கள். முதல் கரண்டியில் வெள்ளைப் படலம் நிற்கும். அதுதான் சுண்ணாம்பும் மக்னீசியமும். தினந்தோறும் அந்தப் படலம் வினையூக்கியின் மேல் படிந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பைபாஸ் செய்தால்?

மெக்கானிக் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பீங்கான் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெற்றுக் குழாயை வைத்து, கணிப்பொறியின் நிரலையும் மாற்றிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், இழுவையும் திரும்பிவிடும். யூரியா தெளிக்கப்படாமலே ‘தெளிக்கப்படுகிறது’ என்று கணிப்பொறிக்குப் பொய் சொல்லும் சிறு மின்னணுப் பெட்டிகளும் உண்டு. இதில் விந்தை என்னவென்றால், அந்த லாரி புகைச் சோதனையிலும் தேறிவிடக்கூடும். டீசல் வண்டிக்குச் செய்யும் சோதனை, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடுக்கோ நிறமே கிடையாது. மிக நுண்ணிய கரித்துகள்களும் அந்தக் கருவிக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. இதனால்தான் பெல்ஜியம் 2022இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023இலும் துகள்களை எண்ணிக் கணக்கிடும் கருவிகளைச் சோதனைக்குக் கொண்டுவந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பலருக்குத் தெரியாது. யூரியா பின்னால் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில், டீசல் சிக்கனத்துக்காகப் புது எஞ்சின்களின் தீயை வேண்டுமென்றே சூடாக அமைப்பதுண்டு. அப்படிப்பட்ட லாரியில் யூரியா ஏற்பாட்டைக் கழற்றினால் அது பழைய காலத்து லாரியாகக்கூட ஆவதில்லை. அதைவிட அதிகமாக நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கலாம்; அதையும் கண்ணுக்குத் தெரியாமலே கக்கும். வெயிலில் இந்த வாயு ஓசோனாகவும், நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளாகவும் மாறுகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் அறிவித்தது.

ஒரு லாரிதானே என்று தோன்றும். அமெரிக்காவிலும் அப்படித்தான் தோன்றியது. சுமார் பத்து ஆண்டுகளில் அங்கே ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இந்தக் கருவிகளைக் கழற்றிவிட்டார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்கிட்டது. கழற்றாத வண்டிகள் தொண்ணூறு லட்சம் கூடுதலாகச் சாலையில் ஓடியதற்குச் சமம் அது.

நம் நாட்டுச் சட்டமும் இதை விடுவதில்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் பிடிபட்டால்தானே என்பார்கள்.

உரிமையாளரின் பக்கமும் நியாயம் உண்டு. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. கடன் தவணை நிற்காது. ஆனாலும் பைபாஸ் செய்வது அவருக்கே நட்டம் என்பது என் கருத்து. காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை உடைத்துப் போடுவது போன்ற காரியம் அது. வடிகட்டி அடைத்தது என்றால் யாரோ அளவுக்கு மீறிக் கரியை அனுப்புகிறார்கள் என்று பொருள். டீசல் தெளிப்பான் ஒழுகலாம்; டர்போவின் எண்ணெய் கசிந்து புகையில் கலக்கலாம்; சாம்பல் அதிகம் விடும் மலிவான எஞ்சின் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். வடிகட்டியை எறிந்துவிட்டால் இவை சரியாகிவிடுமா? கவனிப்பார் இல்லாமல் வளரும்.

ஆகவே நம் கதாநாயகன் முதலில் தெளிப்பானையும் டர்போவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் உணரி கெட்டிருந்தாலும் அதே மஞ்சள் விளக்குத்தான் எரியும். அதை மட்டும் மாற்றினால் போதும் என்றும் ஆகலாம். யூரியாத் தொட்டியைக் காலி செய்து கழுவி, நல்ல கரைசல் ஊற்ற வேண்டும். வடிகட்டியைக் கழற்றி, உலையில் சுட்டு, காற்றை எதிர்த்திசையில் செலுத்திச் சாம்பலை வெளியேற்றும் முறை இருக்கிறது. புதிது வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு. பிறகு வாரத்துக்கு ஒரு நடையாவது நிற்காமல் வெளிவட்டச் சாலைப் பக்கம் நல்ல பாரத்துடன் ஓட்டினால் கரி தானாகவே எரியும். அது முடியாதபோது, நிறுத்திய இடத்திலேயே கரியை எரிக்க முகப்புப் பலகையில் ஒரு பொத்தான் இருக்கும். காய்ந்த இலையோ குப்பையோ இல்லாத திறந்தவெளியில் வைத்துத்தான் அதை அழுத்த வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வினையூக்கி உயிர்பெறவில்லை என்றால்தான் புதிது மாற்றும் பேச்சு.

அடுத்த முறை உங்கள் தெருவில் தண்ணீர் லாரி நின்றால், டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சிறு தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் என்ன ஊற்றுகிறார் என்று டிரைவரிடம் கேளுங்கள். தண்ணீர் இறங்கி முடியும்வரை அவருக்கும் வேலையில்லை, சொல்வார்.