பைக்குள் எலி இருக்கிறதா?

ஒரு விடுமுறை நாளில் அப்பா, அம்மா, தங்கையுடன் படகேறி ஒரு தீவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீவில் சாப்பாடு கிடைக்காது. ஆகவே கட்டுச்சோறு தயார். படகில் ஏறுமுன் ஒரு விசித்திரமான கட்டளை: "பையைத் திறந்து, உள்ளே எலி இருக்கிறதா என்று பாருங்கள்!" காலணியில் ஒட்டிய மண்ணையும் தேய்த்து எடுக்க வேண்டுமாம். தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் இது விளையாட்டல்ல.

அந்தத் தீவின் பெயர் டிரிடிரி மட்டாங்கி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். பரப்பு 220 ஹெக்டேர்தான்.

எலிக்கு ஏன் இவ்வளவு பயம்? மனிதன் முதன்முதலில் நியூசிலாந்துக்குச் சென்றபோது, வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கே இல்லை. பறவைகளுக்குப் பகை கழுகு, வல்லூறு போன்ற பிற பறவைகளே. அவை கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை. ஆடாமல் அசையாமல் நின்றால் பெரும்பாலும் தப்பிவிடலாம். சில பறவைகள் பறக்கும் ஆற்றலையே இழந்தன. பல தரையில் கூடு கட்டின. எலியோ இருட்டில் மோப்பம் பிடித்து வரும். அதன் முன் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய மக்களுடன் ஓர் எலி இனம் வந்தது. பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் மேலும் இரண்டு. பல பறவை இனங்கள் பூண்டோடு அழிந்தன.

டிரிடிரி மட்டாங்கியும் நூறாண்டுக்கு மேல் வெறும் மேய்ச்சல் நிலமாகக் கிடந்தது. 1984 முதல் 1994 வரை தொண்டர்கள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மரக்கன்றுகளை நட்டார்கள். பள்ளி மாணவர்களும் அவர்களுள் உண்டு. 1993-இல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவி எலிகளை ஒழித்தார்கள். தகாஹே என்ற பறவை இப்போது அங்கே உலவுகிறது. நீல உடல், சிவப்பு அலகு, கோழியைவிடப் பெரியது, பறக்காது. அற்றுப்போயிற்று என்று கருதப்பட்ட இப்பறவையை 1948-இல் நாட்டின் தென்கோடி மலைகளில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். இத்தீவில் வாழ்ந்த கிரெக் என்ற தகாஹே, பயணிகளின் சாப்பாட்டைத் திருடுவதில் பேர்போனது!

"ஒரே ஓர் எலி என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறீர்களா? விஞ்ஞானிகளும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 2004-இல், இதே கடற்பகுதியில் எலியில்லாத சிறு தீவொன்றில், கழுத்தில் வானொலிக் கருவி கட்டிய ஓர் ஆண் எலியை விட்டார்கள். அதன் பெயர் ராஸா. பொறிகள் வைத்தார்கள், மோப்ப நாய்களை விட்டார்கள். அகப்படவில்லை. பத்து வாரம் கழித்து அது 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்கே போய்விட்டது! கடைசியில் பென்குவின் இறைச்சி வைத்த பொறியில் சிக்கியபோது, விட்ட நாளிலிருந்து 18 வாரங்கள் ஆகியிருந்தன.

ராஸா தனி எலி. அதற்குப் பதில் சினையான பெண் எலி ஒன்று உங்கள் பையில் போயிருந்தால்? எலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம்தான். 18 வாரத்துக்குக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.